கூரை ஓரத்தில் பனிக்கட்டி அணை உருவாகாமல் தடுப்பது எப்படி?

கடுங்குளிர்ப் பகுதிகளில் சாய்வுக் கூரையுள்ள வீடுகளில், பனி பெய்து ஓய்ந்த சில நாள்களில் இறவாரத்தை ஒட்டித் தடித்த பனிக்கட்டி வரம்பு ஒன்று படிவதுண்டு. இதுவே பனிக்கட்டி அணை. கூரையின் மேற்பகுதியில் உருகி வரும் நீர் இந்த வரம்பைத் தாண்டி இறங்க வழியில்லாமல் அதன் பின்னால் தேங்குகிறது. மேலிருந்து வழியும் மழைநீரைத் தடுப்பதற்காகவே ஷிங்கிள் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. தேங்கிய நீர் கீழிருந்து மேலேறும்போது அவற்றால் தடுக்க முடிவதில்லை. அந்த நீர் கூரைப் பலகைக்குள்ளும் சுவருக்குள்ளும் புகுந்து, முதலில் சீலிங்கில் கறையாகவும் பின்னர் பூஞ்சையாகவும் வெளிப்படுகிறது.

ஒழுகுவது கூரை என்பதால் பலரும் கூரையையே பழுதுபார்க்கிறார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் இந்த அணையைக் கட்டுவது வீட்டுக்குள்ளிருந்து கசியும் வெப்பம்தான். ஆகவே வேலையைச் சீலிங்கிலிருந்து தொடங்க வேண்டும், அதையும் சரியான வரிசையில் செய்ய வேண்டும்: முதலில் காற்றுக் கசிவை அடைப்பது, அடுத்து வெப்பக்காப்பைக் கூட்டுவது, அதன் பிறகே காற்றோட்டம்.

அணை உருவாகும் விதம்

வீட்டைச் சூடாக்கும் வெப்பத்தில் ஒரு பகுதி சீலிங்கைக் கடந்து, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள அட்டிக்கை அடைந்து, கூரைப் பலகையை 0 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குகிறது. வெளியே உறைகுளிராக இருந்தாலும், கூரைமேல் கிடக்கும் பனியே ஒரு போர்வையாகி அந்த வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்து வைப்பதால், பனி அடிப்புறத்திலிருந்து உருகத் தொடங்குகிறது. உருகிய நீர் சரிவில் இறங்கி இறவாரத்தை அடைகிறது. இறவாரமோ வெளிச்சுவரைத் தாண்டி நீண்டிருப்பதால் அதன் அடியில் சூடான அறை எதுவும் இல்லை. அங்கே நீர் மறுபடியும் உறைகிறது. கூரைமேல் பனி, சூடான மேற்கூரை, உறைநிலைக்குக் கீழான இறவாரம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் வானிலையைச் சார்ந்தவை. இரண்டாவது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

முதல் படி: வெப்பம் எங்கே கசிகிறது என்று பாருங்கள்

பனி பெய்த மறுநாள் வெளியே தரையில் நின்று கூரையைக் கவனியுங்கள். பனி ஓரிடத்தில் மட்டும் விரைவில் உருகித் திட்டாகத் தெரிந்தால், அதற்கு நேர் கீழே வெப்பம் கசிகிறது என்று கொள்ளலாம். அதன் பின் அட்டிக்குக்குள் சென்று, வெப்பக்காப்புக்காகத் தரையில் விரித்துள்ள கண்ணாடியிழைப் பஞ்சைத் தூக்கிப் பாருங்கள். அது வழியாக ஓயாமல் காற்று கடந்திருந்தால், காற்றிலுள்ள தூசு பஞ்சில் வடிகட்டப்பட்டுக் கருங்கறையாகப் படிந்திருக்கும். எந்தக் கருவியும் இல்லாமல் கசிவைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அது. அட்டிக்கில் ஒரு வெப்பமானி வைப்பதும் நல்லது. அமெரிக்க ராணுவத்தின் குளிர்ப்பகுதி ஆய்வகம் வகுத்த அளவுகோலின்படி, வெளியே சுமார் மைனஸ் 5.5 டிகிரி செல்சியஸ் இருக்கையில் அட்டிக் மைனஸ் 1 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: காற்றுக் கசிவை அடையுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கே அதிக நேரமும் பொறுமையும் கொடுக்கச் சொல்வேன். பஞ்சு எவ்வளவு கனமாக விரிந்திருந்தாலும், சீலிங்கில் உள்ள துளைகள் வழியே சூடான காற்று மேலேறிக்கொண்டே இருந்தால், அது பஞ்சை ஊடுருவிச் சென்று கூரைப் பலகையைச் சூடாக்கிவிடும். அந்தக் காற்றோடு வரும் ஈரமும் குளிர்ந்த பலகையில் படிந்து மரத்தைக் கெடுக்கும்.

தொடங்குமுன் சில எச்சரிக்கைகள். குறுக்கு விட்டங்களின்மேல் மட்டுமே காலை வையுங்கள். இடையில் மிதித்தால் சீலிங் பலகை உடைந்துவிடும். முகமூடி, கையுறை, கண்ணாடி ஆகியவற்றை அணியுங்கள். பழைய வீட்டில், சிறு கூழாங்கற்கள் போலப் பளபளக்கும் வெர்மிகுலைட் கொட்டியிருந்தால் அதைக் கிளற வேண்டாம். அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. அதனைப் பரிசோதித்து அகற்றுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

இனி அடைக்க வேண்டிய இடங்கள். பெரிய ஓட்டைகளிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் வெப்பத்தில் பெரும்பங்கு அவற்றின் வழியாகவே போகிறது. கழிவுநீர்க் குழாயும் காற்றுக் குழாயும் மேலேறும் இடங்களில் சுற்றிலும் கையளவு இடைவெளி விடப்பட்டிருப்பது வழக்கம். அதைக் கெட்டியான ஃபோம் பலகையால் மூடி, விளிம்புகளில் ஸ்ப்ரே ஃபோம் அடியுங்கள். உட்சுவர்களின் தலைப்பலகையில் மின்கம்பிக்காகப் போட்ட துளைகளுக்குச் சீலன்ட் போதும். புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளியில் மட்டும் ஃபோமைப் பயன்படுத்தவே கூடாது. அங்கே உலோகத் தகட்டை வெட்டிப் பொருத்தி, அதிக வெப்பம் தாங்கும் தீத்தடுப்புச் சீலன்ட் பூச வேண்டும், பஞ்சும் புகைபோக்கியைத் தொடாமல் விலகியிருக்க வேண்டும். சீலிங்குக்குள் புதைத்த விளக்குகளில் பழையவை சூடாகும் தன்மையுடையவை, காற்றையும் கசியவிடும். அவற்றைக் காற்றுப்புகா வகையாகவும், பஞ்சு தொட்டாலும் ஆபத்தில்லாத வகையாகவும் மாற்றுவதே நல்லது. அட்டிக்குக்கு ஏறும் கதவை மறந்துவிடாதீர்கள்: அதன் முதுகில் ஃபோம் பலகையை ஒட்டி, சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை பொருத்துங்கள்.

குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய் அட்டிக்குக்குள்ளேயே முடிந்திருந்தால், அதைக் கூரை வழியாகவோ பக்கச் சுவர் வழியாகவோ வெளியே கொண்டுபோக வேண்டும். வெதுவெதுப்பான ஈரக்காற்றை நாமே கூரைக்கு அடியில் ஊதிக்கொண்டிருப்பதை விடப் பெரிய கேடு வேறில்லை.

வீடு காற்றுப்புகாமல் இறுகிய பிறகு, எரிவாயு ஹீட்டரோ விறகடுப்போ விடும் புகை சரியாக வெளியேறுகிறதா என்பதைத் தகுதியுள்ளவரைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு மாடியிலும் இருக்கட்டும்.

மூன்றாம் படி: வெப்பக்காப்பைக் கூட்டுங்கள்

கசிவுகளை அடைத்து, நான்காம் படியில் சொல்லும் காற்றுவழித் தகடுகளையும் பொருத்திய பின்னரே பஞ்சை விரியுங்கள். முன்னதாக விரித்தால் கசிவுகள் அதன் அடியில் மறைந்துவிடும். வெப்பம் கடப்பதைத் தடுக்கும் திறனை ‘ஆர்’ எண்ணால் குறிப்பார்கள்; எண் கூடினால் காப்பும் கூடும். அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் அட்டிக்குக்கு ஆர்-49 முதல் ஆர்-60 வரை பரிந்துரைக்கப்படுகிறது. ஊதி நிரப்பும் செல்லுலோஸ் என்றால் ஆர்-49 பெறச் சுமார் 14 அங்குலக் கனம் வேண்டும். பஞ்சை அழுத்தித் திணித்தால் அதன் பலன் குறையும் என்பதால் தளர்வாகவே இருக்க விடுங்கள். சிக்கலான இடம் வெளிச்சுவருக்கு நேர் மேலே இருக்கிறது: அங்கே கூரை தாழ்ந்து வருவதால் பஞ்சுக்குப் போதிய உயரம் கிடைப்பதில்லை, அணைக்கு நீர் கிடைப்பதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். குறைந்த கனத்தில் அதிகக் காப்புத் தரும் ஃபோம் பலகைத் துண்டுகளை அங்கே பொருத்துவது பயன் தரும்.

நான்காம் படி: குளிர்காற்று போக வழிவிடுங்கள்

இவ்வளவுக்கும் பிறகு மேலேறும் சிறிதளவு வெப்பத்தை வெளியேற்றவே காற்றோட்டம் தேவைப்படுகிறது. இறவாரத்தின் அடிப்பலகையிலுள்ள துளைகள் வழியே குளிர்காற்று நுழைந்து, கூரைப் பலகையை ஒட்டி ஏறி, முகட்டுத் திறப்பு வழியே வெளியேற வேண்டும். பஞ்சு இந்த வழியை அடைத்துவிடாதபடி, கைமரங்களுக்கு இடையே காற்றுவழித் தகடுகளைப் பஞ்சை விரிப்பதற்கு முன்பே பொருத்தி, குறைந்தது 1 அங்குல இடைவெளியாவது விட வேண்டும். திறப்புகளின் மொத்தப் பரப்பு அட்டிக் தரைப் பரப்பில் 150-இல் ஒரு பங்கு என்பது அமெரிக்கக் கட்டட விதி. காற்று நுழையும் திறப்புகளும் வெளியேறும் திறப்புகளும் சமநிலையில் இருந்து, கடுங்குளிர்ப் பகுதிகளில் சீலிங்கின் சூடான பக்கத்தில் ஈரத்தடுப்புத் தாளும் இருந்தால் 300-இல் ஒரு பங்கே போதும். கசிவுகளை அடைக்காமல் காற்றோட்டத்தை மட்டும் கூட்டினால், குறிப்பாக மின்விசிறி வைத்து உறிஞ்சினால், வீட்டின் சூடான காற்றுதான் மேலும் மேலே இழுக்கப்படும்.

அட்டிக்கே இல்லாமல் சீலிங் கூரையோடு சரிந்திருக்கும் வீடுகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அவற்றைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே சரி.

கூரையை மாற்றும் காலம் வந்தால்

புதிய ஓடுகள் பதிக்கும்போது, இறவாரத்தில் தானே ஒட்டிக்கொள்ளும் நீர்ப்புகாத் தாளை விரிக்கச் சொல்லுங்கள். பனிக்கட்டி அணை உருவாகும் பகுதிகளில், இத்தாள் கூரை விளிம்பிலிருந்து தொடங்கி, வெளிச்சுவரைத் தாண்டிக் குறைந்தது 24 அங்குலம் உள்ளே வரை செல்ல வேண்டும் என்பது அமெரிக்க விதி. இறவாரம் அகலமாக இருந்தால் 36 அங்குலச் சுருள் ஒரு வரிசை மட்டும் போதாது; இரண்டாவது வரிசையும் தேவைப்படும். இது அணை உருவாவதைத் தடுப்பதில்லை, நீர் உள்ளே புகுவதை மட்டுமே தடுக்கிறது.

அணை ஏற்கெனவே உருவாகிவிட்டால்

நீண்ட கைப்பிடியுள்ள பனிவாரியால், தரையில் நின்றபடியே, கூரையின் கீழ்ப்பகுதியில் 3 அல்லது 4 அடி அகலத்துக்குப் பனியைச் சரிவு நோக்கிக் கீழே இழுத்து அகற்றுங்கள். மின்கம்பிகள் அருகில் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம், ஏணியும் கூடாது. கோடரியாலோ சுத்தியலாலோ அணையை உடைக்க முயன்றால் ஓடுகள் பெயர்ந்துவிடும். சாதாரண உப்பு உலோகத்தை அரிப்பதோடு செடிகளையும் கருக்கும். மாறாக, துணிக் காலுறையில் கால்சியம் குளோரைடை நிரப்பி அணைக்குக் குறுக்காகப் படுக்க வைத்தால் தேங்கிய நீர் வடிய ஒரு வாய்க்கால் கிடைக்கும். கைக்கு எட்டாத உயரமென்றால், நீராவி கொண்டு உருக்கும் தொழிலாளர்களை அழையுங்கள். இறவாரத்தில் பதிக்கும் வெப்பக் கம்பிகள் வடிகால் வழியைத் திறந்து வைக்கும் என்றாலும், குளிர்காலம் முழுவதும் மின்சாரத்தை விழுங்குவதால், வேறு வழியற்ற இடங்களுக்கு மட்டுமே அவற்றைப் பரிந்துரைப்பேன்.

நீர் சீலிங்குக்குள் வந்துவிட்டால், அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உப்பிய இடத்தின் அடியில் வாளி வைத்துச் சிறு துளையிட்டு நீரை வடியுங்கள். நனைந்த பஞ்சை அகற்றி, மரமும் பலகையும் முற்றிலும் உலர்ந்த பிறகே சீலிங்கை மூடுங்கள்.