சீரியலில் வரும் கோர்ட்டை நம்பி ஏமாறாதீர்கள்

அமெரிக்கத் தொடர்களை வரிசையாகப் பார்த்துவிட்டு வக்கீல் ஆபீசுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் வந்து எடுத்துப் போனார்கள். அது செல்லாதுதானே?"

அமெரிக்காவில் பெரும்பாலும் செல்லாது. 1961-இல் வந்த மேப் எதிர் ஒஹாயோ தீர்ப்புதான் காரணம். இங்கே 1973 டிசம்பரில், பூரண்மல் என்பவரின் வருமான வரிச் சோதனை வழக்கில், உச்ச நீதிமன்றம் வேறு வழியில் போனது. வழக்குக்குத் தொடர்புள்ள ஆவணமா, அது போதும். சோதனை முறைகேடானது என்பதற்காக மட்டும் அதைத் தள்ள முடியாது. அந்த முறைகேட்டை மட்டும் நம்பி வழக்கை நடத்தாதீர்கள்.

ஒப்புதல் வாக்குமூலத்தில் கதை தலைகீழ். அமெரிக்காவில் மிராண்டா எச்சரிக்கை (பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று போலீஸ் முன்கூட்டியே சொல்வது) சொல்லி, மிரட்டாமல் வாங்கியிருந்தால் போலீசிடம் ஒத்துக்கொண்டதும் சாட்சியம்தான். இங்கே போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் கொடுத்தவருக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த புதிய சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 23-ஆம் பிரிவு. அப்பாடா என்று இதோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்த தவறு அதுதான். "குத்திய கத்தியைக் கிணற்றில் போட்டிருக்கிறேன், காட்டுகிறேன்" என்று சொல்லி, கத்தியும் கிடைத்துவிட்டால், கிணற்றில் போட்டதாகச் சொன்ன பேச்சு சாட்சியமாக உள்ளே வரும். 'குத்திய' என்ற ஒரு சொல் வராது. வாக்குமூலத்தில் எந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போடுவது என்று இரண்டு தரப்பும் மல்லுக்கட்டுவதைப் பார்த்தால்தான் இது புரியும்.

இலங்கையின் 1895-ஆம் ஆண்டு சாட்சியக் கட்டளைச் சட்டமும் இதே வார்ப்புதான், பிரிவு எண்கூட அதே 25. ஆனால் 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு (ஏ.எஸ்.பி.) குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை ஏற்கிறது. அங்கே உள்ளவருக்கு இங்கிருந்து யோசனை சொல்லாதீர்கள்.

மரண வாக்குமூலமும் அப்படியே, நாட்டுக்கு நாடு மாறும். ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில், சொன்னவர் தான் பிழைக்க மாட்டோம் என்று நம்பியிருக்க வேண்டும். இந்தியாவில் அந்த நிபந்தனை கிடையாது.

அப்புறம் வாட்ஸ்அப். ஸ்கிரீன்ஷாட்டைப் பிரின்ட் போட்டு நீட்டினால் போதாது. மேலே சொன்ன புதிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியை நீங்களும் மறுபகுதியை நிபுணரும் நிரப்பி, ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற குறியீடு) எழுத வேண்டும். அதுவரை அந்தப் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.