யூ இல்லாமலே க்யூவைத் தள்ளிவிட

ஸ்கிராபிள் என்ற ஆங்கிலச் சொல் விளையாட்டின் பையில் இருக்கும் 100 டைலில் (எழுத்துக் கட்டைகளில்) க்யூ (Q) ஒன்றே ஒன்று, யூ (U) நான்கு. க்யூ வந்துவிட்டால் யூவுக்காகக் காத்துக்கிடப்பவர்கள்தான் அதிகம். காத்திருக்காதீர்கள். எதிராளி முதலில் முடித்துவிட்டால் கையில் நிற்கும் க்யூவுக்காக உங்களுக்கு 10 புள்ளி கழியும், அதே 10 அவருக்குச் சேரும்.

முதலில் க்யூ-ஐ (QI) என்ற சொல். சீனர்கள் உயிராற்றலைச் சொல்லும் வார்த்தை, உச்சரிப்பு 'ச்சி'. இட்லி, டாக்சி என்று ஐ எழுத்தில் முடிகிற சொல் பலகையில் படுத்திருக்கிறதா, அந்தக் கடைசி ஐக்கு மேலே டிரிபிள் லெட்டர் கட்டம் (எழுத்தின் புள்ளியை மூன்று மடங்காக்குவது) காலியா என்று பாருங்கள். அங்கே க்யூ, அதன் வலப்பக்கம் இன்னோர் ஐ. கீழ்நோக்கி 31, குறுக்கே 31, ஆக 62. (ஆமாம், ஆட்டத்தில் செல்லும் சொற்களைத் தொகுத்த காலின்ஸ் பட்டியலில் இட்லி செல்லும்.)

அப்புறம் உருது. சேலம் கோட்டையில் எங்கள் எதிர்வீட்டு அக்கா அகராதி மனப்பாடம் செய்தவர் அல்ல; வீட்டில் பேசும் உருதுவை வைத்தே ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்துவிடுவார். உருதுவை எழுதும் அரபி எழுத்தில் 'க' ஒலிக்கு இரண்டு உண்டு: நம் க போன்ற சாதாரண காஃப் ஒன்று, அடித்தொண்டையிலிருந்து வரும் காஃப் இன்னொன்று. இரண்டாவதைத்தான் ஆங்கிலத்தில் பெரும்பாலும் க்யூ போட்டு எழுதுகிறார்கள். ஃபகீர், நிகாப், தலாக், கிப்லா, வக்ஃப் எல்லாம் இந்த வகை. புர்காவில் யூ உண்டு, ஆனால் க்யூவுக்கு முன்னால், தள்ளி நிற்கிறது. கபாப் சாதாரண காஃப், அதற்கு கே. சந்தேகம் வந்தால் உருது தெரிந்த ஒருவரைச் சொல்லச் சொல்லி, தொண்டையைக் கவனியுங்கள். பட்டியலைப் பார்த்து உருப்போடுவதைவிட இது எனக்கு நன்றாகவே நிற்கிறது.

வக்ஃபை விட்டுவிடாதீர்கள். டபிள்யூ, ஏ, க்யூ, எஃப்: நான்கே எழுத்து, 19 புள்ளி.

இன்குலாப் என்று கோஷம் கேட்டே வளர்ந்த நமக்கு அதில் ஒரு சிக்கல். 'கு' என்று கேட்பதால் கை தானாக யூவைத் தேடும். ஆங்கிலத்தில் அங்கே ஐதான்: ஐ, என், க்யூ, ஐ, எல், ஏ, பி. ஏழு எழுத்து, கையிலிருந்தே மொத்தமும் வைத்தால் போனஸ் 50. கவாலியும் ஏழுதான், ஆனால் அதற்கு இரண்டு டபிள்யூ வேண்டும், பையில் இருப்பதே இரண்டு. அதை நம்பி உட்காராதீர்கள்.

கத்தார், இராக் இரண்டும் செல்லாது, நாட்டுப் பெயர்கள். மகன் அங்கே வேலையில் இருந்தாலும் செல்லாது! கத்தாரின் முதல் மூன்று எழுத்து மட்டும் செல்லும். க்யூ-ஏ-டீ, ஏமனில் மெல்லுகிற இலை. பின்னால் எஸ் ஒட்டும்.

எந்தப் பட்டியல் என்பதை டைல் எடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். வட அமெரிக்கப் பட்டியலில் க்யூ-ஐ சேர்ந்ததே 2006இல்தான். பழைய புத்தகத்தோடு வருபவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.