மரம் விழுந்த பிறகு பாலிசியைத் தேடாதீர்கள்: குமரி மாவட்ட வீட்டுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் குமரிக் கடல் வழியாகக் கடந்த அன்று, எங்கள் புறவாசலில் நின்ற ஆஞ்சிலி மரத்தின் பெரிய கொம்பு முறிந்து அடுக்களைக் கூரையில் விழுந்தது. அம்மா அப்போதுதான் சாயா டம்ளரை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்திருந்தார். திரும்பிப் பார்த்தால் கூரை ஓடுகளும், அவற்றைத் தாங்கிய பட்டியல், கழுக்கோல் மரச்சட்டங்களும் அடுப்பின் மேல் குவிந்து கிடக்கின்றன. அம்மா நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஓட்டுத்துண்டு கணுக்கால் உயரத்துக்கு. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் வரத்தான் பல நாட்கள் ஆனது.

அன்று சாயந்திரம் வீட்டுக் கடன் ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடன் வாங்கும்போது 'இன்சூரன்ஸ்' என்று ஒரு தொகை பிடித்தது நினைவில் இருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசித்தால், அது என் உயிருக்கு எடுத்த பாலிசி. நான் இறந்துபோனால் பாக்கிக் கடன் அடையும். வீடு இடிந்தால் ஒன்றும் வராது.

இன்றும் இதுதான் பரவலான முதல் தவறு. 'பாங்குல இன்சூரன்ஸ் போட்டிருக்கு' என்று சொல்பவர்களிடம் அந்தக் காகிதத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்கிறேன். கடன் பாதுகாப்பு, ஆயுள் காப்பு என்று இருந்தால் அது ஆளுக்கு. கட்டடத்தின் முகவரியும், தீ, புயல், வெள்ளம் என்ற இடர்களும் எழுதியிருந்தால்தான் அது வீட்டுக்கு. அதையும் பாருங்கள்: சில கடன்களில் வீட்டுப் பாலிசியும் சேர்ந்தே இருக்கும், வீட்டுக்காரருக்கே தெரியாது.

வீட்டுக்கென்று தனியாக எடுக்க இப்போது வழி எளிது. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிரிஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசி வந்துவிட்டது. வீட்டுக் காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் அடிப்படை நிபந்தனைகள் எங்கும் ஒன்றுதான். தீ, இடி, புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம், நிலச்சரிவு, மரமோ வண்டியோ வந்து மோதுவது, தண்ணீர்த் தொட்டி வெடிப்பது எல்லாம் இதில் அடங்கும். அதிகபட்சம் 10 ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்கலாம்.

இதில் நம் ஆட்கள் தடுமாறுவது தொகை போடும் இடத்தில். சென்ட்டுக்கு இவ்வளவு போகிறது என்று நிலத்தின் விலையையும் கூட்டி ஒரு தொகை சொல்கிறார்கள். புயல் நிலத்தைக் கொண்டுபோகாது. இன்று இதே வீட்டைத் திரும்பக் கட்ட என்ன செலவாகும், அதுதான் கணக்கு. உதாரணத்துக்கு 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் கட்டடத்துக்கு 25 லட்சம். இந்தப் பாலிசியில் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே காப்பு உண்டு. ஆக இந்த வீட்டில் 5 லட்சம். நகை இதில் வராது, அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். மதில், கேட், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சோலார் பேனல் ஆகியவை கட்டடத்தோடு சேர்ந்தவை. ஆகவே அவற்றின் செலவையும் கூட்டித் தொகை சொல்லுங்கள். தென்னையும் வாழையும் சேராது.

எதற்குப் பணம் கிடைக்காது என்பதை வாசிக்காமல் விடுவது அடுத்த தவறு. நம் மாவட்டத்தில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று கடலரிப்பு. கடலும் ஆறும் மெல்ல மெல்லக் கரையை அரித்து வீடு சாய்ந்தால் இந்தப் பாலிசியில் இழப்பீடு கிடையாது. மேற்குக் கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். இன்னொன்று வயலையும் குளத்தையும் மண் போட்டு நிரப்பிக் கட்டிய வீடு. நிரப்பிய மண் அமுங்கித் தரை வெடித்தால் அதற்கும் கிடையாது. ஆகவே அப்படிப்பட்ட மனையில் காசைச் செலவழிக்க வேண்டிய இடம் அஸ்திவாரம். திருட்டைப் பொறுத்தவரை, புயல், தீ போன்ற சம்பவத்தைத் தொடர்ந்து 7 நாட்களுக்குள் நடந்தால் மட்டுமே இதில் அடங்கும். சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடினால் அதற்கு வேறு பாலிசி வேண்டும்.

வளைகுடாவிலும் கப்பலிலும் வேலை பார்ப்பவர்கள் நம்மில் நிறைய. வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். அப்படி இருக்கும் என்பதைப் பாலிசி எடுக்கும்போதே நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லி, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். வாடகைக்கு விட்டாலும் அப்படியே.

அப்புறம், பாலிசி இருந்தும் பணத்தை இழப்பது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒக்கிக்கு முன்பே வீட்டுக்குப் பாலிசி எடுத்திருந்தவர். பலாமரம் விழுந்து மாடித் தொட்டியும் சன்ஷேடும் போயின. சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயர் நான்கு நாள் கழித்து வந்து பார்க்கும்போது முற்றம் பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. தடி விற்றாகிவிட்டது, உடைந்த தொட்டி பழைய சாமான் வாங்கும் ஆக்கர்க்காரரிடம் போயாகிவிட்டது. "ஃபோட்டோ எடுக்கவா மக்கா நேரம் இருந்தது? கண்ணுல கண்டத எல்லாம் அள்ளி மாத்துனோம்" என்றார் என்னிடம். சர்வேயர் கண்ணில் பட்டதை மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

ஆகவே மரத்தைத் தொடுவதற்கு முன் நான்கு பக்கமும் நின்று படம் எடுங்கள், வீடியோவும் எடுங்கள். அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி கிளெய்ம் எண் வாங்குங்கள். மழை உள்ளே இறங்காமல் தார்ப்பாய் போடலாம், போட வேண்டும். அந்த பில்லையும் வையுங்கள். உடைந்த பொருளைச் சர்வேயர் பார்க்கும்வரை மூலையில் போட்டு வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லிவிடுங்கள், அரசு நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. நிறுவனம் மறுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமில்லை என்றாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. பதில் கிடைத்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

காகிதம் இவ்வளவுதான். விழாத மரத்துக்கு யாரும் கிளெய்ம் கேட்க வேண்டியதில்லை, ஆகவே மரத்துக்கு வருகிறேன்.

நமக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை. மண் ஊறிக்கொண்டே இருக்கும். மரத்தைப் பார்க்க நல்ல நேரம் சித்திரை, வைகாசி. அண்ணாந்து கொம்பை மட்டும் பார்த்துவிட்டுப் போவதுதான் தவறு, அடியைப் பாருங்கள். தூரில் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருக்கிறதா, தட்டினால் பொள்ளலான சத்தம் வருகிறதா? எங்கள் ஆஞ்சிலி ஏன் முறிந்தது என்று பிறகுதான் தெரிந்தது. கொம்பு பிரியும் கவட்டையில் தண்ணீர் தங்கி, உள்ளே கைமுட்டி நுழையும் அளவுக்கு உளுத்திருந்தது. வெளியே பட்டை ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தது. செப்டிக் டேங்குக்கோ மதிலுக்கோ குழி எடுத்தபோது ஒரு பக்க வேர் வெட்டுப்பட்ட மரத்தின் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். வீட்டை ஒட்டி ரப்பர் வைக்காதீர்கள். காற்றுக்கு அது நடுவில் ஒடியும், ஒக்கியில் எத்தனை ரப்பர் விளைகள் படுத்தன என்பதை எல்லோரும் பார்த்தோம். சந்தனம், ஈட்டி போன்ற மரங்கள் சொந்த விளையில் நின்றாலும் வெட்டுவதற்கு முன் வனத்துறையிடம் கேளுங்கள்.

மின்கம்பியில் உரசும் கொம்பை நீங்களே வெட்டப் போகாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணில் சொன்னால் லைன் ஆட்கள் வருவார்கள்.

பக்கத்து வீட்டு மரம் நம் கூரைக்கு மேல் சாய்ந்து நின்றால்? வருடக்கணக்கில் மனதுக்குள் வைத்துக் குமுறிவிட்டு, விழுந்த அன்று சண்டைக்குப் போகிறோம். முதலில் போய்ப் பேசுங்கள். "அண்ணே, மழைக்கு முன்ன அந்தக் கொம்ப மட்டும் எடுத்துருவோமா, கூலியில பாதி நான் தாறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் காரியம் நடக்கும். நடக்கவில்லை என்றால் சட்டத்தில் வழி உண்டு. விழுந்து ஆபத்து உண்டாக்கும் நிலையில் உள்ள மரத்தையோ கட்டடத்தையோ அகற்ற, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் உத்தரவிடலாம். பழைய சட்டத்தில் அது 133-ஆம் பிரிவு. நம் மாவட்டத்தில் இரண்டு வருவாய்க் கோட்டங்கள், நாகர்கோவில், பத்மநாபபுரம். உங்கள் ஊர் எதில் வருகிறதோ அங்கே கோட்டாட்சியரிடம் படத்தோடு மனு கொடுங்கள்.

மதிலுக்கும் ஒரு வார்த்தை. மேட்டு மனைக்கும் பள்ள மனைக்கும் நடுவில் மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர் நம்மூரில் வீட்டுக்கு வீடு உண்டு. மழையில் அது சரிவது பெரும்பாலும் பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தத்தால். வடிய வழி வைக்காமல் கட்டுகிறார்கள், அல்லது சுவரில் வடியும் நீர் அசிங்கமாக இருக்கிறது என்று குழாய் வாயைச் சிமெண்ட் பூசி அடைக்கிறார்கள். குழாய் வாயைத் திறந்து விடுங்கள். கட்டுமானக் கோளாறால் சரிந்த சுவருக்குப் பாலிசியும் பணம் தராது.

இனி விருந்தாளிகள். வீட்டைச் சுற்றி விளை இருந்தால் பாம்பு, மரநாய், வாவல், கூகை எல்லாம் இருக்கும். பாம்பைக் கண்டதும் வெட்டுகத்தியோடு ஓடுவதுதான் நாம் செய்யும் மிகப் பெரிய தவறு, கடி வாங்குவதும் அங்கேதான். நாம் அடித்துக் கொல்வதில் பெரும்பாலும் விஷமில்லாத சாரையும் தண்ணீர்ப் பாம்பும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சாரைக்கும் பாதுகாப்பு உண்டு. தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ ஃபோன் பண்ணுங்கள்.

பாம்பு வருவது எலியைத் தேடி. எலி இருப்பது கதம்பை (தேங்காய் மட்டை) குவியலிலும் விறகுப்புரையிலும். விறகைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். கோழித்தீவனத்தைத் தகர டின்னில் மூடி வையுங்கள். எலிவிஷத்தை விளையெங்கும் வைத்தால் அதைத் தின்ற எலியைப் பிடிக்கும் கூகையும் சாகும். கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று விரட்டுகிறோம். ஆனால் அது இரவெல்லாம் பிடிப்பது நம் விளையின் எலியைத்தான். மழைக்காலத்து எலிக்காய்ச்சலைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், விஷக்கல்லைத் தேடி அலையாதீர்கள். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் வேலை செய்யும். மலையோர ரப்பர் விளைகளில் மூக்கு நுனி தூக்கிய சின்னக் குழிவிரியன் ஒன்று உண்டு. அதற்கு அந்த மருந்து வேலை செய்யாது, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ஆகவே 'சின்னப் பாம்புதான்' என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பார்த்த உருவத்தை டாக்டரிடம் சொன்னால் போதும், பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டாம்.

வாவல் கடித்துப் போட்ட கொய்யாவையும் மாம்பழத்தையும் பிள்ளைகள் எடுத்துத் தின்ன விடாதீர்கள். பக்கத்துக் கேரளத்தில் 2018 முதல், வாவலிடமிருந்து பரவும் நிபா காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பன்றிக்குப் பயந்து வேலியில் நேரடியாகக் கரண்ட் விடுவது குற்றம். ராத்திரி அந்தப் பக்கம் போகும் மனிதரையும் அது கொல்லும்.

மரநாய்தான் ஓட்டு வீட்டில் அதிகம் தொல்லை தருவது. நடு ராத்திரியில் மச்சில் யாரோ ஓடுவதுபோல் சத்தம் கேட்கும். பகலில் அது நுழையும் துவாரத்தை அடைத்துவிட்டால் அது உள்ளே மாட்டிக்கொண்டு செத்து நாறும், குட்டி இருந்தால் தாய் வெளியே நின்று கூரை ஓடுகளைப் பிரிக்கும். முதலில் கூரையைத் தொடும் கொம்புகளை ஆறேழு அடி தள்ளி வெட்டுங்கள். துவாரத்தின் வாயில் சாம்பல் தூவி வைத்தால் போய் வரும் தடம் தெரியும். குட்டிச் சத்தம் இருந்தால் அவை வளர்ந்து தாயோடு வெளியேறும்வரை பொறுங்கள். பிறகு ஒரு ராத்திரி எல்லாம் வெளியே போன தடத்தைப் பார்த்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கம்பி வலையை அடியுங்கள். எங்கள் அடுக்களைக்கு மேலே அப்படி அடித்த வலை இன்னும் அப்படியே இருக்கிறது. மரநாய் இப்போது கிணற்றடிப் பப்பாளிக்கு மட்டும் வருகிறது.