சீரியல் எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீரியலுக்குத் திரைக்கதை எழுத வரும் தம்பி தங்கைகள் பலர் சினிமாவை மனதில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளைத்தான் இப்போது அவர்களிடம் பார்க்கிறேன். சின்னச் சின்னப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

ரகசியத்தை ஒரே காட்சியில் உடைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். மொத்தக் குடும்பத்தையும் ஹாலில் நிற்க வைத்து ஒருவர் உண்மையைப் போட்டு உடைப்பார். எல்லா முகத்துக்கும் ஒரு க்ளோசப், தொடரும். படத்தில் இது சரி, கொஞ்ச நேரத்தில் படமே முடிந்துவிடும். சீரியலில் மறுநாளும் எபிசோட் போயாக வேண்டுமே!

சமீபத்தில் ஒரு டிஸ்கஷனுக்குப் புதிய பெண் ஒருவர் நல்ல கதையோடு வந்தார். தம்பியின் காலேஜ் ஃபீஸுக்காக, மாமியார் போட்ட வளையலை மருமகள் அடகு வைக்கிறாள். மூன்றாம் நாளே வீடு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. என்ன அவசரம்? முதலில் அடகுச் சீட்டு நாத்தனார் கண்ணில் மட்டும் படட்டும். அவளுக்கும் மறைக்க ஒரு காதல் இருந்தால் வாயைத் திறக்க மாட்டாள், இருவரும் கூட்டாகிவிடுவார்கள். அப்புறம் மாமனார். அவர் யாருக்கும் தெரியாமல் நகையை மீட்கப் பணம் புரட்டுவார். அடுத்து கணவன். அப்பாவிடம் சொன்னவள் தன்னிடம் சொல்லவில்லையே என்று முறுக்கிக்கொள்வான். மாமியாருக்குக் கடைசியில்தான் தெரிய வேண்டும். அப்போது அவர் வளையலைப் பற்றியே கேட்க மாட்டார். "உங்க எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியக்கூடாதா?" என்பார்.

ஒவ்வொருவருக்கும் தெரியவரும்போது வீட்டுக்குள் அணி மாறுகிறது. பார்ப்பவருக்கு உண்மை முதல் நாளே தெரியும். அடுத்து யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் தினமும் வந்து உட்காருகிறார்.

நான் வசனம் எழுதிய ஒரு தொடரில், இருந்த ஒரே முடிச்சை ஒரே வாரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். பிறகு கதை இல்லாமல் விபத்து, கடத்தல், கோமா என்று அலைந்தது. ஹாலில் எடுக்க வேண்டியதை ஆஸ்பத்திரியிலும் நெடுஞ்சாலையிலும் எடுத்து பட்ஜெட் ஏறியதுதான் மிச்சம்.

ஒரு சம்பவத்தை நம்பித் தொடங்குவது

தூர்தர்ஷனில் அன்று வந்த 13 வாரத் தொடருக்கு ஒரு சம்பவம் போதுமாக இருந்தது. தினசரித் தொடருக்கு உறவுகள் வேண்டும். 2002 முதல் 2005 வரை ஓடிய 'மெட்டி ஒலி'யில் ஒரு அப்பா, 5 மகள்கள். ஒருத்தி பிரச்சினை ஓய்ந்தால் இன்னொருத்தியின் புகுந்த வீட்டில் கதை இருக்கும்.

பார்வையாலேயே கதை சொல்வது

வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்ப்பவர்கள் உண்டு. முக்கியமான செய்தி காதிலும் விழ வேண்டும்.

பொய்த் 'தொடரும்'

யாரோ கதவைத் தட்டுவதைப் பரபரப்பாகக் காட்டி எபிசோடை முடித்துவிட்டு, மறுநாள் தட்டியவர் பால்காரர் என்றால், அடுத்த முறை நம்ப மாட்டார்கள்.

கால்ஷீட் தெரியாமல் எழுதுவது

எந்த நடிகர் எந்த நாளில் படப்பிடிப்புக்கு வருவார் என்று மேனேஜரிடம் தேதி கேட்டுவிட்டு எழுதுங்கள்.