ஹெல்மெட் வாங்குவதும் மாட்டுவதும்: அளவு, லாக், பராமரிப்பு

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே தலையை அளந்துவிடுங்கள். தையல் டேப்பைப் புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே வைத்து, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை துருத்தி நிற்கும் இடம் வழியாகச் சுற்ற வேண்டும். இரண்டு மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 57–58 செ.மீ. பெரும்பாலும் எம், 59–60 எல். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும் என்பதால் எழுத்தை நம்பாமல் ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் செ.மீ. அளவைப் பாருங்கள்.

காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறவர்கள்தான் அதிகம். புது ஹெல்மெட் சற்று இறுக்கமாகவே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் சில வாரங்களில் அமுங்கித் தளரும். இன்று சரியாக இருப்பது அப்போது ஆட ஆரம்பிக்கும்.

மாட்டும்போது இரண்டு ஸ்டிராப்பையும் வெளிப்பக்கம் இழுத்து வாயை விரித்தால் காது மடங்காது. ஃபுல் ஃபேஸ் (தாடையையும் மூடும் வகை) என்றால் கன்னம் கொஞ்சம் பிதுங்க வேண்டும். மெல்லுவது போலச் செய்தால் உள்கன்னம் பல்லில் படும். ஹெல்மெட்டைப் பிடித்து இடம் வலமாகத் திருப்புங்கள். நெற்றித்தோலும் கூடவே நகர்ந்தால் சரி, ஹெல்மெட் மட்டும் வழுக்கிச் சுற்றினால் பெரிது. பிறகு லாக்கைப் போட்டுவிட்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் விழும்போதும் கழலும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பத்து நிமிடம் மாட்டியபடியே நில்லுங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் குத்தி வலித்தால் பிரச்சினை அளவில் இல்லை, உங்கள் மண்டையின் வடிவத்துக்கு அந்த மாடல் ஒத்துவரவில்லை. வேறு மாடல் பாருங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரையும், இருசக்கர வண்டி ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 4151-ம் கட்டாயம். முத்திரை இல்லாததை விற்கவே கூடாது என்பது 2021 ஜூன் 1 முதல் சட்டம். முத்திரையோடு இருக்கும் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடும்.

லாக் போடாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே தலையை விட்டுப் பறந்துவிடும். கிளிக் வகை லாக் என்றால் சத்தம் கேட்ட பிறகும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இரட்டை வளையம் இருந்தால் ஸ்டிராப்பை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, திருப்பி வெளிவளையத்துக்கு மேலாக உள்வளையத்துக்குள் மட்டும் நுழைத்து இழுக்க வேண்டும். நுனியில் இருக்கும் பட்டன், மீதி ஸ்டிராப் காற்றில் படபடக்காமல் இருக்க மட்டுமே. வளையத்தை விட்டுவிட்டு பட்டனை மட்டும் போட்டால் ஒன்றும் போடாத கணக்குதான். தாடைக்கும் ஸ்டிராப்புக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது.

அடியின் வேகத்தை வாங்கிக்கொள்வது ஓட்டுக்கு உள்ளே இருக்கும் தெர்மோகோல். அது நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது. நசுங்கியது திரும்ப எழும்பாது. விபத்தில் அடிவாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வண்டியின் பக்கக் கண்ணாடியில் கவிழ்த்து மாட்டுவதும் கெடுதல்தான், கம்பி உள்ளே குழி போட்டுவிடும். பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைக்காதீர்கள், தெர்மோகோல் கரையும். தலை எண்ணெயும் வியர்வையும் ஊறிய பேடுகளைக் கழற்றி, ஷாம்பு கலந்த தண்ணீரில் அலசி, நிழலில் காயவையுங்கள்.

கறுப்பு வைசர் (முகத்துக்கு முன்னால் இருக்கும் மறைப்பு) பகலுக்கு மட்டும். கீறல் விழுந்த வைசரை மாற்றுவது பெரிய செலவில்லை. எதிர்வண்டி வெளிச்சம் அந்தக் கீறல்களில் சிதறி ராத்திரியில் கண்ணைக் கூசவைக்கும்.

அடுத்து கிளவுஸ். விழும்போது கை தானாகத் தரையில் ஊன்றும், அதனால் உள்ளங்கையில் தடித்த பட்டையும் மணிக்கட்டில் இறுக்கும் ஸ்டிராப்பும் இருப்பதாக வாங்குங்கள். கணுக்காலை மூடும் ஷூ நல்லது, லேஸ் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். வெயிலுக்கு மெஷ் (வலைத்துணி) ஜாக்கெட் போதும். தோளிலும் முழங்கையிலும் இருக்கும் பேடில் இஎன் 1621 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா பாருங்கள். கையால் திருகினால் பேட் இடம் மாறக் கூடாது.

பின்னால் உட்கார்கிறவரின் முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதபடி சேலை கார்டு இருக்கட்டும், நுனியைச் சுருட்டிச் செருகியபின் வண்டியை எடுங்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். குழந்தைக்குப் பெரியவர் ஹெல்மெட்டைக் கவிழ்க்காதீர்கள், தலையைத் திருப்பும்போது கண்ணை மறைத்துவிடும். சின்ன சைஸ் தனியாகவே கிடைக்கிறது.