மின்னூல் மாதிரிப் பக்கங்கள்: நாம் தவறவிடுவது எங்கே?

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வெளியே தலைகாட்ட முடியாது. ஒரு புத்தகத்துக்காகக் கோயம்புத்தூர் வரை யார் இறங்கிப் போவது? அந்த நாட்களில் எங்கள் தெருவில் பலருக்கு மின்னூல்தான் துணை. வாங்கும் முன் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் மாதிரிப் பக்கங்கள் நல்ல வசதி. அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

பெரிய தவறு, அணிந்துரையை வைத்து நூலை எடைபோடுவது. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் மாதிரி என்பது பெரும்பாலும் நூலின் முதல் 10 சதவீதம். 150 பக்க நூலுக்கு 15 பக்கம். நம் நூல்களிலோ பதிப்புரை, இரண்டு அணிந்துரை, என்னுரை, நன்றி என்று வரிசையாக வந்து, கதை தொடங்கிய இரண்டாம் பத்தியிலேயே மாதிரி முடிந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாவலை, "ஒரே புகழ்ச்சியா இருக்கு, எனக்கு வேண்டாம்" என்று ஒதுக்கிவிட்டார். பார்த்தால், அவர் நாவலுக்குள் போகவே இல்லை. பொருளடக்கத்தில் முதல் அத்தியாயத்தைத் தொட்டுக் கொடுத்தேன். மூன்றே பக்கம்தான் இருந்தது. அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் படித்தார். அன்றைக்கே வாங்கியும் விட்டார். பதிப்பகங்கள் அணிந்துரைகளை நூலின் கடைசிக்குக் கொண்டுபோனால், எழுதியவரின் குரல் முதலில் நம் காதில் விழும். இதை அவர்கள் அவசியம் செய்ய வேண்டும்.

எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் வாங்குவது இன்னொன்று. இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவத்தில் உள்ள நூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரையின் அகலத்துக்கு மடங்கிக்கொள்ளும். பிடிஎஃப் என்றால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாகப் பக்கத்தை இழுக்க வேண்டும். கண்ணாடி போட்டவர்களுக்கு அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபின் மெய்ப்புப் பார்க்காத நூல்களும் உண்டு. அவற்றில் 'கொ' உடைந்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று நிற்கும். மாதிரியிலேயே நாலைந்து இடத்தில் இப்படி இருந்தால் உள்ளே இன்னும் நிறைய இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், மலையில் சிக்னலை நம்பி உட்காராதீர்கள். கடைவீதிக்குப் போகும்போதே நாலு மாதிரிகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சங்க இலக்கியம் போன்ற பழைய நூல்களுக்கு அவசரப்பட்டுக் காசு கொடுக்க வேண்டாம். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றித் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நூல்கள் முழுதாகவே இலவசம். புதிய உரைக்காக வாங்குகிறீர்களா? சரி, அப்போது மாதிரியில் மூலத்தை விட்டுவிட்டு உரையைப் படித்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் முழு நூல் பிடிஎஃப்பை "சும்மா மாதிரிக்குத்தானே" என்று பகிர்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இன்றும் எழுதிக்கொண்டிருப்பவரின் நூலாக இருந்தால், அவருக்கு அதில் ஒரு பைசா போகாது. யாராவது கேட்டால் பதிப்பகம் தரும் மாதிரியின் இணைப்பை அனுப்புங்கள், பிடித்தவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.