கண் மூடினால் எரியும் விளக்கு: ஆல்ஃபா அலையில் இயங்கும் சுவிட்சை அமைப்பது எப்படி

கண்களை மூடி இரண்டு விநாடி இருந்தால் மேசை விளக்கு எரிய வேண்டும். மறுபடி மூடினால் அணைய வேண்டும். கை வேண்டாம், குரல் வேண்டாம். மூளையைக் கணினியோடு இணைக்கும் கருவிகளில் முதலில் செய்து பார்க்க ஏற்றது இதுதான். எத்தனை மடங்கு பெருக்குவது, எந்த அதிர்வெண்ணை உள்ளே விடுவது, எத்தனை விநாடி காத்திருப்பது ஆகிய எண்களில் ஒன்றைக்கூடப் பொறியாளர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. மண்டையோட்டுக்குள் நடப்பதுதான் அவற்றை முடிவு செய்கிறது. ஆகவே பாகங்களை வாங்கும் முன் சிக்னலைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எதைப் பிடிக்கப் போகிறோம்

ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். கண்மூடி ஓய்வாக இருப்பவரின் தலையில் விநாடிக்குச் சுமார் பத்து முறை ஏறி இறங்கும் அலை ஒன்று தெரிந்தது. கண் திறந்ததும் அடங்கியது. பலர் இதை நம்பவில்லை. 1934-இல் எட்கர் ஏட்ரியனும் பிரையன் மேத்யூஸும் கேம்பிரிட்ஜில் அதே சோதனையைச் செய்து, அலை உண்மைதான் என்றும் அது பின்மண்டைப் பகுதியிலிருந்து வருகிறது என்றும் உறுதிப்படுத்தினார்கள். இன்று 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை ஆல்ஃபா என்கிறோம்.

தோலின் மேல் நாம் பிடிப்பது தனி நியூரான் ஒன்றின் துடிப்பை அல்ல. மூளைப் புறணியில் ஒரே திசையில் அணிவகுத்திருக்கும் ஏராளமான கூம்பு நியூரான்களின் சினாப்ஸ் மின்னழுத்தங்கள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கும்போது மட்டுமே, மண்டையோட்டைத் தாண்டி ஏதோ கொஞ்சம் வெளியே கசிகிறது. அது பெரும்பாலும் 20 முதல் 50 மைக்ரோவோல்ட். நெஞ்சில் எடுக்கும் இதயத் துடிப்புச் சிக்னல் சுமார் 1 மில்லிவோல்ட்; பல்லைக் கடித்தால் தாடைத் தசை தருவதும் ஆல்ஃபாவை எளிதில் மூழ்கடிக்கும். இந்தச் சுவிட்சைச் செய்வதில் பாதிக்கு மேற்பட்ட உழைப்பு, வேண்டாதவற்றை வெளியே நிறுத்துவதற்கே போகும்.

எலெக்ட்ரோடு வைக்கும் இடம்

தோலில் ஒட்டி மின்னழுத்தத்தை எடுக்கும் சிறு உலோகக் கிண்ணமே எலெக்ட்ரோடு. அதை வைக்கும் இடத்துக்கு, தலை அளவின் 10, 20 சதவீதப் பங்குகளில் புள்ளிகளைக் குறிக்கும் 10–20 முறைப்படி அளவெடுங்கள். புருவங்களுக்கு நடுவே மூக்கின் வேரில் உள்ள பள்ளத்திலிருந்து, உச்சந்தலை வழியாக, பின்மண்டையின் கீழே விரலுக்குத் தட்டுப்படும் எலும்புப் புடைப்பு வரை நாடாவைப் பிடியுங்கள். அந்தத் தூரம் 36 செ.மீ. என்றால், அதில் 10 சதவீதமான 3.6 செ.மீ.-ஐப் புடைப்பிலிருந்து மேலே அளந்தால் கிடைப்பது ஓஇசட் புள்ளி. அங்கிருந்து தலைச் சுற்றளவில் 5 சதவீதம் இடப்புறம் ஓ1, வலப்புறம் ஓ2. சுற்றளவு 56 செ.மீ. என்றால் அது 2.8 செ.மீ. ஒரே சேனல்தான் இருக்கிறதென்றால் ஓஇசட் போதும். எதோடு ஒப்பிட்டு ஓஇசட்டின் மின்னழுத்தத்தை அளக்கிறோமோ அந்த ஒப்பீட்டு எலெக்ட்ரோடை ஒரு காது மடலில் மாட்டுங்கள். தரை எலெக்ட்ரோடு நெற்றியின் நடுவில்.

முடியை விலக்கி, தோலைச் சொரசொரப்பான ஜெல்லால் லேசாகத் தேய்த்துத் துடைத்து, கடத்தும் பசையை வைத்துப் பொருத்துங்கள். தோலும் எலெக்ட்ரோடும் சேரும் இடத்தில் மாறுமின்னோட்டத்துக்கு உள்ள தடை, அதாவது தொடர்பு மின்மறுப்பு, 5 கிலோஓமுக்குக் கீழ் இருப்பது நல்லது. 10 வரை பரவாயில்லை. அளவைவிட, மூன்று எலெக்ட்ரோடுகளுக்கும் ஏறத்தாழ ஒரே மின்மறுப்பு இருப்பது முக்கியம். ஒன்று 5, மற்றொன்று 40 என்றால், உடம்பு முழுவதும் சமமாகப் படியும் மின்கம்பி இரைச்சல் இரண்டு முனைகளிலும் வேறுவேறாகக் குறைந்து, ஆம்ப்ளிஃபையர் கண்ணுக்கு உண்மைச் சிக்னலாகிவிடும். மின்மறுப்பை மல்டிமீட்டரால் அளக்காதீர்கள். அது தலை வழியே நேர்மின்னோட்டம் செலுத்துவதோடு எலெக்ட்ரோடின் மேற்பரப்பில் மின்னேற்றத்தைத் தேக்கி அதையும் கெடுக்கும். மாறுமின்னோட்டத்தில் அளக்கும் மீட்டரோ, சிப்பிலேயே உள்ள தொடர்புச் சோதனையோதான் சரி.

வெள்ளி–வெள்ளி குளோரைடு கிண்ணங்கள் என்றால் எல்லாமே அதுவாக இருக்கட்டும். தங்கம் என்றால் எல்லாமே தங்கம். உலோகமும் பசையும் சேரும் இடத்தில் ஒவ்வோர் உலோகமும் தனக்கென ஒரு நேர்மின்னழுத்தத்தை உண்டாக்கும். கலந்து போட்டால் அந்த வேறுபாடு நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் வரை போகலாம். நாம் தேடும் சிக்னலைப் போலப் பத்தாயிரம் மடங்கு அது.

ஆம்ப்ளிஃபையர்

முழு பெருக்கத்தையும் முதல் நிலையிலேயே வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. 100 மில்லிவோல்ட் நேர்மின் வேறுபாட்டை 1000 மடங்கு பெருக்கினால் 100 வோல்ட் வர வேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் வெளியீடு ஒரு விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். திரையில் நேர்கோடு மட்டும் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஐஎன்ஏ128 போன்ற, இரு உள்ளீடுகளின் வேறுபாட்டை மட்டும் பெருக்கும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபையரை இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளில், நடுப்புள்ளியைத் தரையாக வைத்து இயக்குங்கள். அதன் பெருக்கம் 1 + 50,000 ÷ ரெசிஸ்டர் மதிப்பு. 5.1 கிலோஓம் போட்டால் 10.8 மடங்கு. அடுத்து 1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். அதன் மறுமுனையை 160 கிலோஓம் வழியாக, அடுத்த நிலையின் 5 வோல்ட்டில் பாதியான 2.5 வோல்ட் புள்ளிக்குக் கட்டுங்கள். இது 1 ஹெர்ட்ஸுக்குக் கீழானதைத் தடுத்து, நேர்மின் வேறுபாட்டை அங்கேயே நிறுத்திவிடும். அதன் பின் 5 வோல்ட்டில் ஓடும் எம்சிபி6002 என்ற இரட்டை ஆம்ப்ளிஃபையர் சிப்பின் இரு பாதிகளிலும் 22 மடங்கு வீதம் பெருக்குங்கள். இரண்டுக்கும் நடுவில் அதே கப்பாசிட்டர், ரெசிஸ்டர் ஜோடி. இரண்டு நிலைகளாகப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. இந்த சிப்பின் உள்ளீட்டுப் பிழை 4.5 மில்லிவோல்ட் வரை போகலாம். ஒரே நிலையில் ஏறத்தாழ 500 மடங்கு பெருக்கினால் அந்தப் பிழை மட்டுமே 2 வோல்ட்டைத் தாண்டிவிடும்.

மொத்தப் பெருக்கம் 10.8 × 22 × 22, சுமார் 5200. 30 மைக்ரோவோல்ட் அலை 0.16 வோல்ட்டாகிறது. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில், மின்னழுத்தத்தை எண்ணாக்கும் 10 பிட் மாற்றியில் ஒரு படி 4.9 மில்லிவோல்ட், ஆகவே அலை 32 படிகள் உயரம் பெறும். இந்த வேலைக்கு அது போதும்.

கடைசியில் 39 கிலோஓம், 100 நானோஃபாரட் சேர்த்தால் சுமார் 41 ஹெர்ட்ஸில் வெட்டும் ஃபில்டர் கிடைக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள்: 50 ஹெர்ட்ஸ் இரைச்சலில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் அதைத் தாண்டி வந்துவிடும். எலெக்ட்ரோடு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, குட்டையாக வைத்து, மின்சார அடாப்டர்களிலிருந்து தள்ளி உட்காருவதுதான் முதல் மருந்து.

இவ்வளவையும் பலகையில் சாலிடர் செய்ய நேரமில்லை என்றால் ஏடிஎஸ்1299 சிப் உள்ள போர்டு வாங்குங்கள். மூளை அலைகளுக்கென்றே செய்யப்பட்டது. 24 பிட் மாற்றியும் எட்டுச் சேனல்களும் உள்ளே உண்டு, சொந்த இரைச்சல் 1 மைக்ரோவோல்ட் அளவில்தான். இதயத் துடிப்புக்கான ஏடி8232 மாட்யூல்கள் விலை குறைவு என்று அதை வாங்குகிறவர்கள் உண்டு. அதன் இரைச்சல் பத்து மைக்ரோவோல்ட்டுக்கு மேல். ஆல்ஃபா பலமாக உள்ளவரிடம் ஏதோ தெரியும், மற்றவர்களிடம் ஏமாற்றும்.

பாதுகாப்பில் சமரசம் இல்லை

தலையோடு இணைந்த எதுவும் வீட்டு மின்சாரத்தோடு இணையக் கூடாது. எல்லாமே பேட்டரியில் ஓடட்டும். தரவு புளூடூத்தில் போகட்டும். யுஎஸ்பி கம்பி கட்டாயம் என்றால் லேப்டாப்பின் சார்ஜரையும் மற்ற எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிடுங்கள். ஒவ்வோர் எலெக்ட்ரோடு கம்பியிலும், தரைக் கம்பி உட்பட, 220 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டால், சிப் பழுதாகி 9 வோல்ட் முழுவதும் வெளியே வந்தாலும் மின்னோட்டம் 41 மைக்ரோஆம்பியரைத் தாண்டாது. விளக்கை இயக்கும் ரிலே தனிப் பெட்டியில், கம்பியில்லாத் தொடர்பில் இருக்கட்டும். சக்கர நாற்காலி, அடுப்பு, மருந்து செலுத்தும் கருவி போன்றவற்றுக்கு இந்தச் சுவிட்சை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

மாதிரி எடுப்பதும் கணக்கும்

விநாடிக்கு 250 மாதிரிகள் எடுங்கள். 13 ஹெர்ட்ஸ் அலைக்கு 60 மாதிரிகளே தாராளம் என்று தோன்றும். அதில் ஒரு பொறி இருக்கிறது: 50 ஹெர்ட்ஸ் மின்கம்பி இரைச்சலை விநாடிக்கு 60 மாதிரி வீதம் எடுத்தால், அது மடிந்து மிகச் சரியாக 10 ஹெர்ட்ஸாகத் தோன்றும். ஆல்ஃபாவின் நடு மையம்! கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் மாறாத அழகான ஆல்ஃபா உங்களுக்குக் கிடைத்தால், அது மூளை இல்லை, சுவர் பிளக்.

இரண்டு விநாடி, அதாவது 500 மாதிரிகளை ஒரு ஜன்னலாக எடுத்து, இரு ஓரங்களையும் மெல்லத் தணிக்கும் ஹான் ஜன்னலால் பெருக்கி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று பிரித்துக் காட்டும் ஃபூரியே மாற்றம் செய்யுங்கள். அதிர்வெண் பிரிப்பு 0.5 ஹெர்ட்ஸ். கால் விநாடிக்கு ஒருமுறை ஜன்னலை நகர்த்துங்கள். சுவிட்ச் விரைவாக வேலை செய்ய வேண்டுமென்று ஜன்னலை அரை விநாடியாக்கினால் அதற்குள் ஐந்தே அலைகள்தான் இருக்கும். ஆல்ஃபா எழுந்தும் தணிந்தும் கொத்துக்கொத்தாக வரும் இயல்புடையது என்பதால் முடிவு தத்தளிக்கும்.

ஆல்ஃபாவின் தனி அளவை எல்லையாக வைக்காதீர்கள். பசை காயக் காய எல்லாமே மாறும். 8–13 ஹெர்ட்ஸ் ஆற்றலை, அக்கம்பக்கத்து 4–7, 14–20 பட்டைகளின் ஆற்றலால் வகுத்து, லாகரிதம் எடுங்கள். தசை இரைச்சல் அகன்ற பட்டையில் பரவுவதால் பல்லைக் கடித்தாலும் விகிதம் ஏறாது.

அளவமைப்பு: 30 விநாடி கண் திறந்து, 30 விநாடி மூடி, இதை மூன்று முறை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னுள்ள முதல் இரண்டு விநாடிகளைத் தள்ளிவிடுங்கள். மூடிய நிலையின் நிறமாலையில் (அதிர்வெண்வாரியான ஆற்றல் வரைபடத்தில்) உச்சம் எங்கே என்று பாருங்கள். 10 ஹெர்ட்ஸ் என்பது பெரியவர்களின் சராசரிதான். குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் அது குறைவு. உச்சத்துக்கு இருபுறமும் 2 ஹெர்ட்ஸ் வைத்தால், பொதுப் பட்டையைவிடத் தெளிவாகப் பிரியும். கண் திறந்த நிலையின் சராசரியோடு மூன்று திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) கூட்டியது ‘ஆன்’ எல்லை. ஒன்றரை திட்ட விலக்கம் கூட்டியது ‘விடுவிப்பு’ எல்லை. ஒரே எல்லை வைத்தால் விகிதம் அதன் மேல் நடுங்கும்போது விளக்கும் சேர்ந்து மினுங்கும். விகிதம் ‘ஆன்’ எல்லைக்கு மேல் தொடர்ந்து ஒரு விநாடி நின்றால்தான் விளக்கை மாற்றுங்கள். மாற்றியபின், விடுவிப்பு எல்லைக்குக் கீழே இறங்கும்வரை எதையும் ஏற்காதீர்கள். சாதாரண இமைப்பு அரை விநாடிக்குள் முடிந்துவிடும். அது இந்தக் காவலைத் தாண்டாது.

பயன்படுத்துபவர் பக்கம்

கண் மூடியிருப்பவருக்குத் திரை பயன்படாது. பெரும்பாலான சோதனைக் கருவிகள் கோட்டை விடும் இடம் இது. விகிதம் ஏற ஏறச் சுருதி உயரும் மெல்லிய ஒலியையும், சுவிட்ச் விழுந்ததும் ஒரு குறுகிய ‘டிக்’ ஒலியையும் கொடுங்கள். அது இல்லாமல் மனிதர் கண்ணைத் திறந்து பார்ப்பார், ஆல்ஃபா விழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து.

கருவியை மதிப்பிடும்போது ‘90 சதவீதம் சரி’ என்ற கணக்கை ஒதுக்குங்கள். நாள் முழுவதும் கண் திறந்தே இருக்கிறது. ஆகவே பார்க்க வேண்டியது ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை தானாக எரிந்தது என்பதையே. படிக்கும்போது, பேசும்போது, சாய்ந்து ஓய்வெடுக்கும்போது என்று தனித்தனியாக எண்ணுங்கள். தூக்கம் வந்தால் இரண்டு விதத்தில் கெடும்: முதலில் கண் தானாக மூடி விளக்கு மாறும், பிறகு உறக்கத்தின் முதல் கட்டத்தில் ஆல்ஃபா கரைந்து மெதுவான அலைகளாகும், சுவிட்ச் எதற்கும் பதில் சொல்லாது. சிலருக்கு ஆல்ஃபா இயல்பாகவே மிகச் சிறியது. அவர்களுக்காக எல்லையைத் தாழ்த்திக்கொண்டே போவது தீர்வல்ல. ஒரு விரலையோ புருவத்தையோ அசைக்க முடிந்த ஒருவருக்கு, அந்தத் தசையின் மின்சிக்னலில் இயங்கும் சுவிட்ச் இதைவிட வேகமானது, நம்பகமானது. அவருக்கு அதையே செய்து கொடுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள் வேண்டுமென்றால் அதே ஓஇசட் எலெக்ட்ரோடு உதவும். வெவ்வேறு வேகத்தில் மினுங்கும் கட்டங்களில் ஒன்றை உற்றுப் பார்த்தால், பார்வைப் புறணி அந்த அதிர்வெண்ணிலேயே பதில் தரும். வலிப்பு வந்தவர்களையும், ஒளி மினுங்கலால் வலிப்பு வரும் வாய்ப்புள்ளவர்களையும் இந்தச் சோதனைக்கு உட்கார வைக்காதீர்கள். 15 முதல் 25 ஹெர்ட்ஸ் வரையுள்ள மினுங்கல் மிக ஆபத்தானது, அதைத் தவிர்த்துவிடுங்கள். விநாடிக்கு 60 படச் சட்டகங்கள் காட்டும் 60 ஹெர்ட்ஸ் திரையில் முழுச் சட்டகங்களாகப் பிரியும் வேகங்களையே தேர்ந்தெடுங்கள்: 60 ÷ 5 = 12, 60 ÷ 6 = 10, 60 ÷ 7 = 8.57. வேறு எண்ணைக் கேட்டால் திரை சட்டகங்களைத் தவறவிடும், உச்சம் நிறமாலையில் சிதறிப்போகும்.